ஆக்ஸிலேட்டர் காலெடுத்தும் இறங்கலையே?

கேள்வி: அண்ணே, தென்னாப்பிரிக்கால டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருக்கேன். பழைய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலக்குற பாகம்) கார், ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் மேல்பாகமான ஹெட்டுக்குக் கீழ இருக்குற சீல்) மாத்துனதுக்கு அப்புறம் பெடல்ல இருந்து காலை எடுத்தாலும் ரேஸ் குறைய மாட்டேங்குது. கார்புரேட்டரையே மாத்தணுமா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி, சரியாகுற வரைக்கும் அந்த வண்டிய ரோட்டுல எடுக்கவே கூடாது. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு கார்புரேட்டர் பக்கம் ஆக்ஸிலேட்டர் கேபிளைக் கழட்டி, த்ராட்டிலை (காத்து போற வழியத் திறந்து மூடுற தகடு) கையால திருப்பி விட்டுப் பாருங்க, டக்குனு தானா திரும்பி மூடுச்சுன்னா கார்புரேட்டர் மேல தப்பில்ல, பெரும்பாலும் கேபிள்லதான் கோளாறு. ஹெட்டைக் கழட்டி மாட்டும்போது கேபிளை வேற வழியா விட்டிருப்பாங்க, எங்கயாவது மடங்கியிருக்கும், இல்ல சூடான மேனிஃபோல்டுல (எஞ்சின் புகை வெளிய போற குழாய்) உரசி உறை உருகியிருக்கும். உங்க ஊர் கடல் காத்துக்கு உள்கம்பி துருவும் பிடிக்கும், அப்படின்னா புதுசே போட்டுருங்க. த்ராட்டில் திரும்பலைன்னா அதைத் திரும்ப இழுத்து மூடுற ரிட்டன் ஸ்பிரிங் சரியான ஓட்டைல மாட்டியிருக்கான்னு பாருங்க, ஏர் கிளீனரைக் கழட்டியும் ஒருதடவை பாருங்க, அதோட கேஸ்கெட் விலகி லிங்கேஜை (த்ராட்டிலை அசைக்கிற இணைப்பு) இடிக்கிறது நிறைய நடக்கும்.

ஓடும்போது மாட்டிக்கிச்சுன்னா பிரேக்கை அழுத்தி நியூட்ரலுக்குத் தள்ளி ஓரங்கட்டுங்க. நிக்கிறதுக்கு முன்னாடி சாவிய மட்டும் உருவிடாதீங்க, ஸ்டியரிங் லாக் ஆயிரும்.