தீபாவளிப் பலகாரமும் ஏழு வயதுப் பற்களும்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. சென்ற ஆண்டு தீபாவளி முடிந்த சில மாதங்களில், கீழ்க் கடைவாய்ப் பால் பற்கள் இரண்டில் சொத்தை என்று அடைக்க வேண்டியதாயிற்று. இந்த ஆண்டு இனிப்பைக் குறைக்கலாம் என்றால், "சீனிதான் கெடுதல், வெல்லத்தில் செய்து கொடு, எப்படியும் விழப்போகிற பல்தானே" என்கிறார் என் அத்தை. முறுக்கு, தட்டை மட்டும் கொடுத்தால் போதுமா? பண்டிகை நாளில் பிள்ளைக்கு எதைத்தான் கொடுப்பது? - வாசகி, கோவில்பட்டி.

பதில்: ஏழு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் பலகாரத்துக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையை வெளிச்சத்தில் உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, கீழ்த்தாடையின் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே போங்கள். விழுந்த பல்லின் இடைவெளியையும் ஒன்றாகச் சேர்த்து எண்ண வேண்டும். ஆறாவதாக, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பெரிய பல் தெரிந்தால், அது பால் பல் அன்று. ஆறு வயதை ஒட்டி முளைக்கும் நிரந்தரப் பல். எந்தப் பல்லும் விழாமல் சத்தமின்றி முளைப்பதால் பெற்றோரில் பலர் அதைப் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். புதிதாக முளைத்த பல்லின் எனாமல், அதாவது கடினமான வெளி உறை, முழுமையாக உறுதிப்பட்டிருக்காது. மேற்பரப்பில் இருக்கும் பள்ளங்களும் ஆழமானவை. பிரஷ்ஷின் ஒரு இழைகூட நுழைய முடியாத அளவுக்குக் குறுகலானவை. நான் அதிகம் கவலைப்படுவது அந்தப் பல்லைப் பற்றித்தான்.

"விழப்போகிற பல்தானே" என்ற பேச்சையும் ஏற்க முடியாது. பால் கடைவாய்ப் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டும். முன்கூட்டியே ஒன்றை எடுக்க நேர்ந்தால், பின்னாலிருக்கும் நிரந்தரப் பல் அந்த இடத்துக்கு நகர்ந்துவிடும். பிறகு முளைக்கும் பல்லுக்கு இடமிருக்காது. வரிசை கலைவது அப்படித்தான். வலியும் தூக்கமில்லாத இரவும் வேறு.

இப்போது வெல்லத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானும் மகிழ்ந்தவன். ஆனால் வெல்லத்தில் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கருப்பட்டியும் அப்படியே. தேனிலும் பேரீச்சம்பழத்திலும் சர்க்கரையின் வகை வேறு, பல்லுக்கு விளைவு ஒன்றே. பல்லின் மேல் படிந்திருக்கும் கிருமிகளுக்கு நிறமும் ஊரும் தெரியாது. சர்க்கரை கிடைத்தால் அமிலமாக மாற்றிவிடும். வெல்லப்பாகு ஒட்டும் என்பது கூடுதல் சிக்கல். வாயில் கரைந்துபோகும் மைசூர்பாகை உமிழ்நீர் விரைவில் கழுவிவிடும். பாகில் பிடித்த எள்ளுருண்டையும் பொரிவிளங்காய் உருண்டையும் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

முறுக்கும் தட்டையும் தப்பித்துவிட்டன என்று எண்ண வேண்டாம். நீங்களே ஒரு தட்டையைத் தின்றுவிட்டு, பத்து நிமிடம் கழித்துக் கைப்பேசி விளக்கை அடித்துக் கண்ணாடியில் கடைவாயைப் பாருங்கள். பள்ளங்களில் சுண்ணாம்பு அப்பியதுபோல வெளிர்மாவு தெரியும். அது அரிசி மாவு. உமிழ்நீர் அந்த மாவுச்சத்தையும் மெல்ல மெல்லச் சர்க்கரையாக உடைக்கும். இனிப்பை விட இதன் தீங்கு குறைவு என்பது உண்மை. நாள் முழுக்க மென்றால் அந்தச் சலுகையும் போய்விடும்.

என் அனுபவத்தில் தீபாவளிச் சொத்தையின் மூலகாரணம் எந்த ஒரு பலகாரமும் அன்று. கூடத்தில் பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் திறந்து வைத்திருக்கும் எவர்சில்வர் டப்பாதான். ஒவ்வொரு முறை இனிப்பைக் கடிக்கும்போதும் பற்பரப்பில் அமிலத்தன்மை சட்டென்று கூடுகிறது. அமிலம் கூடக் கூடக் குறைகிற பி.எச். என்ற அளவு 5.5க்குக் கீழே இறங்கியதும் எனாமலிலிருந்து தாதுக்கள் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சமன்செய்து மீண்டும் தாதுக்களைச் சேர்க்க அரை மணி நேரம், சில நேரம் அதற்கும் மேல் ஆகும். நான்கு இனிப்பை ஒரே நேரத்தில் தின்றால் பல்லுக்கு ஒரு தாக்குதல். அதே நான்கை அரை மணிக்கு ஒன்றாகத் தின்றால் நான்கு தாக்குதல். இடையில் ஆறுவதற்கு நேரமே இல்லை.

இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1940களில் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில், விப்பேஹோல்ம் என்ற இல்லத்தில் இருந்த அறிவுத்திறன் குறைபாடுடையவர்களுக்கு வெவ்வேறு வகையில் சர்க்கரை கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் ஒப்புதல் இல்லாமல் நடந்தது அது, செய்திருக்கவே கூடாது. ஆனால் 1954இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. சாப்பாட்டோடு சர்க்கரை சேர்த்துக்கொண்டவர்களுக்குச் சொத்தை சிறிதளவே கூடியது. சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரங்களில் ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்கு மளமளவென்று கூடியது.

ஆகவே உங்கள் வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். எண்ணெய்க் குளியல் முடிந்ததும் லேகியம், அதிரசம், சுசியம், இட்லி எல்லாவற்றையும் ஒரே அமர்வில் முடித்துவிடட்டும். லேகியம் வெல்லமும் தேனும் நெய்யும் சேர்ந்து பல்லில் பசைபோலப் பிடிக்கும். அதை விடியற்காலையில் நக்கிவிட்டு அப்படியே பட்டாசு வெடிக்க ஓடும் பிள்ளையை நிறுத்தி, வாய் கொப்பளிக்க வையுங்கள். மதியச் சாப்பாட்டோடு இன்னொரு முறை இனிப்பு. உறவினர் கொண்டுவரும் பெட்டியை அவர்கள் முகம் கோணாமல் வாங்கி, அடுத்த சாப்பாட்டு வேளைக்கு எடுத்து வையுங்கள். டப்பா பரணுக்குப் போகட்டும். தேவையானது மட்டும் தட்டில் வரட்டும்.

இடையில் பசிக்குமே என்பீர்கள். கரிசல் மண்ணில் நிலக்கடலைக்கா பஞ்சம்? வறுத்தோ அவித்தோ கொடுங்கள், பாகு மட்டும் வேண்டாம். தேங்காய்ச் சில்லு, தாளித்த சுண்டல், வெள்ளரி, கொய்யா, அவித்த முட்டை எல்லாம் நல்லவை. சீஸ் அல்லது பனீர் ஒரு துண்டு இனிப்புக்குப் பின் கிடைத்தால் மிக நல்லது; அதிலுள்ள கால்சியம் பல்லுக்கு உதவும், சீஸ் மெல்லும்போது உமிழ்நீரும் பெருகும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் முழுக் கடலை கைக்கு எட்டக் கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். தாகத்துக்குத் தண்ணீர் அல்லது மோர். பாட்டில் குளிர்பானத்தில் சர்க்கரையோடு அமிலமும் இருக்கிறது. அதை மத்தாப்புக் கொளுத்திக்கொண்டே மடக்கு மடக்காக ஒரு மணி நேரம் குடிப்பது அதிரசத்தை விடக் கெடுதல்.

இரவில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் ஃப்ளூரைடு பற்பசையைப் பட்டாணி அளவு எடுத்து, நீங்களே தேய்த்துவிடுங்கள். ஏழு வயதுப் பிள்ளையின் கை கடைசிப் பல் வரை சரியாகப் போகாது. தேய்த்தபின் குடிப்பதற்குத் தண்ணீர் மட்டுமே.

பண்டிகைக்கு முன்பே ஒரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறாவது பல் முழுதாக வெளியே வந்திருந்தால், அந்தப் பள்ளங்களை 'சீலன்ட்' என்ற பூச்சைக் கொண்டு மூடிவிடலாம். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. சென்ற ஆண்டு அடைத்த இடத்தில் உணவு சிக்குகிறது என்றாலோ, குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறது என்றாலோ, தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.