கே.ஓ.எச்.சில் தெரிந்த பூஞ்சை கல்ச்சரில் வளராதது ஏன்?

கேள்வி: அப்பா சர்க்கரை நோயாளி. மூக்கிலிருந்து எடுத்த சதையை கே.ஓ.எச். பரிசோதனையில் பார்த்துவிட்டுக் கருப்புப் பூஞ்சை என்றார்கள். ஐந்து நாள் கழித்து வந்த கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'வளர்ச்சி இல்லை' என்றிருக்கிறது. மருந்தை நிறுத்திவிடலாமா?
- வாசகி, நாமக்கல்

பதில்: கூடாது. இந்த நோயில் கல்ச்சரைவிட, அதாவது ஆய்வகத்தில் பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பதைவிட, நுண்ணோக்கியில் கண்டதற்கே மதிப்பு அதிகம். கே.ஓ.எச். என்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அந்தக் கரைசல் சதையைக் கரைத்துவிடும். பூஞ்சையின் சுவர் மிஞ்சும். அகலமான, ரிப்பன் போல மடங்கிய இழைகள், குறுக்குச் சுவர் அநேகமாக இல்லாமல், ஏறத்தாழ செங்கோணத்தில் கிளைவிட்டிருந்தால் அது மியூக்கர் வகை, அதாவது கருப்புப் பூஞ்சை. ஆஸ்பர்ஜில்லஸ் என்ற வேறு பூஞ்சையின் இழை ஒல்லியானது; குறுக்குச் சுவர்கள் வரிசையாகத் தெரியும்; 45 டிகிரியில் கிளைக்கும்.

குறுக்குச் சுவர் இல்லாததுதான் கல்ச்சருக்கு வினை. இழை ஓரிடத்தில் அறுந்தாலும் உள்ளிருப்பது வடிந்து செத்துவிடும். சதையை அரைத்து விதைத்தால் வளராது. பிளேடால் பொடியாக நறுக்கித்தான் விதைக்க வேண்டும். அதைவிட அடிக்கடி நடக்கும் தவறு, எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடுவது. ஃபார்மலினில் எதுவும் உயிரோடு இருக்காது. ஒரு துண்டு ஃபார்மலினில் பெத்தாலஜிக்கு, இன்னொன்று துளி சலைனில் மைக்ரோபயாலஜிக்கு என்று அறுவை அரங்கிலேயே பிரிக்க வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தாலும் பலருக்குக் கல்ச்சர் வளர்வதில்லை.

கேள்வி: ரத்தத்தில் பீட்டா டி குளுக்கன் 'நெகட்டிவ்'. பூஞ்சை இல்லை என்றுதானே அர்த்தம்?
- வாசகர், தென்காசி

பதில்: பீட்டா டி குளுக்கன் என்பது பல பூஞ்சைகளின் சுவரில் இருக்கும் பொருள். நெகட்டிவ் என்றால் கேண்டிடா, ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் இருக்க வாய்ப்புக் குறைவு, அவ்வளவே. மியூக்கரின் சுவரில் அந்தப் பொருள் மிகக் குறைவு. அதனால் சோதனையில் சிக்காது. சந்தேகம் இருந்தால் ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, பயாப்ஸிதான் வழி.

கேள்வி: கருப்புப் பூஞ்சைக்குப் போடும் ஆம்போடெரிசின் ஊசி மருந்தை சலைனில் கலக்காதே என்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் சலைன்தான் ஏற்றுகிறார்கள். குழப்பமாக இருக்கிறது. நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியமும் இறங்கிக்கொண்டே போகிறது.
- நர்ஸிங் மாணவி, தஞ்சாவூர்

பதில்: இரண்டும் சரிதான். லைப்போசோமல் (கொழுப்புக் குமிழில் அடைத்த) ஆம்போடெரிசின் சலைன் பட்டால் திரிந்துவிடும். 50 மி.கி. குப்பியில் 12 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் விட்டு, அரை நிமிடம் பலமாகக் குலுக்கி, 5 மைக்ரான் ஃபில்டர் வழியாக 5% டெக்ஸ்ட்ரோஸில் சேர்க்க வேண்டும். கிலோவுக்கு 5 மி.கி. என்றால், 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 குப்பி. இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். அதே லைனில் சலைன் ஓடியிருந்தால் முதலில் டெக்ஸ்ட்ரோஸால் கழுவுங்கள்.

முன்னதாக ஏற்றும் சலைன் சிறுநீரகத்துக்காக. இந்த மருந்து சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். நுண்குழல்களை ஓட்டையாக்கிப் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் கசியவிடும். மெக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியத்தை மட்டும் ஊற்றினால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினோடு இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

ஒன்றை மறக்கவே கூடாது: ஆம்போடெரிசினின் பழைய டீஆக்சிகோலேட் வகையின் அளவு கிலோவுக்கு ஏறத்தாழ 1 மி.கி.தான். லைப்போசோமல் கணக்கில் அதைப் போட்டால் உயிரே போய்விடலாம். குப்பியின் முழுப் பெயரையும் இரண்டு பேர் வாசித்துச் சரிபாருங்கள்.

கேள்வி: ஆம்போடெரிசின் ஒரே டோஸ் போதும் என்று ஆராய்ச்சியில் வந்ததாமே? என் கணவருக்கும் அப்படிப் போட்டால் செலவு மிச்சம்.
- வாசகி, மதுரை

பதில்: அது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் கிரிப்டோகாக்கஸ் என்ற வேறு பூஞ்சையின் மூளைக்காய்ச்சலுக்கு. போட்ஸ்வானா, மலாவி, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் நடந்த ஆய்வு, 2022-ல் வெளியானது. கிலோவுக்கு 10 மி.கி. ஒரே தடவை, கூடவே 14 நாள் ஃப்ளூசைட்டோசின், ஃப்ளூகொனசோல் என்ற பூஞ்சை மருந்துகளும். பத்து வாரத்தில் இறந்தவர்கள் 24.8%, ஒரு வார ஆம்போடெரிசின் முறையில் 28.7%. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை.

உங்கள் கணவருக்கு வந்திருப்பது கருப்புப் பூஞ்சை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இந்தக் கணக்கு செல்லாது. அழுகிய சதையை அகற்ற வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும், ஊசி வாரக்கணக்கில் போக வேண்டும். நிலைமை தேறிய பிறகு போசகொனசோல் அல்லது ஐசவுகொனசோல் மாத்திரைக்கு மாறலாம். செலவு குறைய வழி அங்கேதான். அதே வகையைச் சேர்ந்த வோரிகொனசோல் வேண்டாம், மியூக்கருக்கு அது வேலை செய்யாது.