பூனை மாம்பழம் சாப்பிடலாமா? கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ சீசனில் என்ன கவனிக்க வேண்டும்?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: காவேரிப்பட்டணம் பக்கம் தோட்டத்து வீடு. நாலு கிலோ எடை, இரண்டு வயதுப் பூனை. மாம்பழம் நறுக்கும்போதெல்லாம் ஓடி வந்து தட்டை நக்குகிறது. கொடுக்கலாமா, கூடாதா?

பழுத்த பழத்தின் சதை பூனைக்கு விஷமில்லை. தட்டை நாலு நக்கு நக்கிவிட்டதே என்று பதற வேண்டாம். ஆனால் தோல், காம்புப் பால், கொட்டை மூன்றும் ஆகாது. நம் பக்கத்தில் இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: பழுக்க வைக்கும் பெட்டிக்குள் கிடக்கும் பொட்டலம். இந்த நாலில் மோசமானது அதுதான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், இனிப்புக்காகத்தான் பூனை வருகிறது என்று நினைக்காதீர்கள். பூனையின் நாக்குக்கு இனிப்பு தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பிக்குத் தேவையான மரபணுக்களில் ஒன்று பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது. 2005-ல் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். அது வருவது வாசனைக்கும், ஈரத்துக்கும், நீங்கள் சாப்பிடுவதில் தனக்கும் பங்கு வேண்டும் என்பதற்கும்தான். ‘மாம்பழத்தில் வைட்டமின் இருக்கிறதே’ என்று கொடுப்பவர்களும் உண்டு. வைட்டமின் சி-யைப் பூனை தன் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்கிறது. பழத்தின் மஞ்சள் நிறச் சத்தை நம் உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றும், பூனையின் உடம்பால் அது முடியாது. அதற்கு மீன், முட்டை, ஈரல் என்று பிராணி உணவிலிருந்துதான் ஏ சத்து கிடைக்க வேண்டும். ஆக, சத்துக்காக மாம்பழம் கொடுக்க வேண்டிய அவசியம் துளியும் இல்லை. ஆசைக்கு ஒரு வாய், அவ்வளவுதான்.

அந்த ஒரு வாய் எவ்வளவு? சுண்டைக்காய் அளவில் இரண்டு துண்டு, மொத்தம் 5 கிராமுக்குள். வாரத்துக்கு ஒரு முறை போதும், இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி வரை தேவை. 100 கிராம் மாம்பழத்தில் சுமார் 60 கலோரியும் 14 கிராம் சர்க்கரையும் இருக்கின்றன. கலோரிக் கணக்கை மட்டும் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம் போலத் தோன்றும். ஆனால் பூனையின் உடல் கறிக்கும் மீனுக்கும் ஏற்பட்டது. அவ்வளவு சர்க்கரையும் நாரும் ஒரே நேரத்தில் போனால் பேதியாகும். சர்க்கரை நோய் உள்ள பூனை, குடும்பக் கட்டுப்பாடு செய்தபின் உடம்பு போட்ட பூனை, பால்குடி மறக்காத குட்டி, இவற்றுக்கு அந்தச் சுண்டைக்காய் அளவும் வேண்டாம்.

எந்த ரகம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. பெங்களூரா, அல்போன்சா பழங்களில் நார் குறைவு. சப்பிச் சாப்பிடும் நாட்டுப் பழம் வேண்டவே வேண்டாம். பூனையின் நாக்கை அருகில் பார்த்தால் தெரியும்: நுண்ணிய முட்கள் வரிசையாக, எல்லாம் தொண்டையைப் பார்த்தே வளைந்திருக்கும். நார் அந்த முள்ளில் மாட்டினால் பூனையால் எளிதில் துப்ப முடியாது, விழுங்கத்தான் தோன்றும். உள்ளே ஏற்கெனவே கிடக்கும் முடியோடு சேர்ந்து திரளும். நாம் சப்பிப் போட்ட கொட்டையை வாசலில் வீசுவது அதனால்தான் தவறு. கொட்டையை முழுசாக விழுங்காது, ஆனால் கடித்துக் கடித்து நாரை உருவும். மேல் ஓட்டின் சிம்பும் வாயில் குத்தும்.

நறுக்கும் விதம். பழத்தைக் கழுவி, அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, மறுபடி ஒரு தடவை கழுவுங்கள். காம்புப் பக்கம் ஒரு விரல் கனத்துக்கு வெட்டி ஒதுக்குங்கள். முந்திரி மரமும் மா மரமும் ஒரே குடும்பம். முந்திரிக் கொட்டையின் எண்ணெய் தோலைப் புண்ணாக்குவது போலவே மாங்காய்ப் பாலும் செய்யும். காய் பறிப்பவர்களின் கையைப் பார்த்தாலே புரியும். தோலைச் சீவும்போது ஒட்டிய சதையோடு சற்றுக் கனமாகவே சீவுங்கள். கொட்டையை ஒட்டிய பகுதியை விட்டுவிட்டு, கன்னத்தின் நடுச் சதையில் துண்டு எடுங்கள். ஃப்ரிட்ஜில் இருந்த பழமானால் ஜில்லென்று கொடுக்காதீர்கள். முதல் தடவை ஒரே ஒரு துண்டு, பிறகு ஒரு நாள் முழுக்க மலத்தைக் கவனியுங்கள். வழக்கமான சோற்றிலோ மீனிலோ கலந்து வைக்க வேண்டாம்: வயிறு கெட்டால் பூனை அந்த உணவையே வெறுத்து ஒதுக்கிவிடும், பிறகு பழக்குவது பெரும்பாடு.

இப்போது பெட்டி. சீசனில் வைக்கோலில் பழம் அடுக்கி வைப்போம். வைக்கோல் கதகதப்பாக இருக்கும், எலியும் பல்லியும் வரும், பூனை அதன் மேலேயே படுக்கும். உள்ளே பழுக்க வைக்கும் கார்பைடு கல் பொட்டலம் வைத்திருந்தால் ஆபத்து. கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது, ஆனாலும் வாங்கி வந்த பெட்டியில் இருக்கலாம். ஈரம் பட்டால் அது வாயுவை விட்டுச் சுண்ணாம்பாகிறது. அந்தச் சாம்பல் நிறத் தூள் பாதத்தில் ஒட்டும். பூனை தன் உடம்பில் பட்ட எதையும் நக்கியே சுத்தம் செய்யும், அதனால் பாதத்தில் பட்டது வாய்க்குப் போகும், நாக்கு வெந்துவிடும். தோலில் பொடி தெரிந்தால் அந்தப் பழமே வேண்டாம். பெட்டியைப் பூனை நுழையாத அறையில் வையுங்கள். கல்லுக்குப் பதிலாகப் பழுக்க வைக்கப் போடும் எத்திலீன் பொட்டலத்தையும் பூனை கிழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பில் பாலோ தூளோ பட்டது தெரிந்தால், நக்குவதற்கு முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரும் குழந்தை ஷாம்பூவும் போட்டு அலசிவிடுங்கள்.

அழுகிய பழம் புளித்துச் சாராயச் சத்து ஏறியிருக்கும், அதுவும் கூடாது. மாம்பழ மில்க் ஷேக் பாலால் பேதி தரும். ஊறுகாயில் உப்பு, பூண்டு. பூண்டும் வெங்காயமும் பூனையின் ரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும். தருமபுரிப் பக்கம் புளி காயப்போடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: திராட்சையிலும் புளியிலும் டார்டாரிக் அமிலம் இருக்கிறது, நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்க இதுவே காரணம் என்று கருதுகிறார்கள். பூனையையும் விலக்கி வைப்பதே நல்லது.

மாம்பழம் தின்றபின் ஒரு முறை இளகிப் போய், பூனை சுறுசுறுப்பாக இருந்தால் தண்ணீர் வைத்துவிட்டுக் கவனித்தால் போதும். ஒரே நாளில் இரண்டு மூன்று வாந்தி, மலத்தில் ரத்தம், முக்கியும் மலம் வராமை, வயிற்றைத் தொட்டால் கத்துவது, வாயில் எச்சில் ஒழுகுவது, உதடு வீங்குவது, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலும் அப்படித்தான். பட்டினி நீண்டால் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படியும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், பூனைக்கு அரை மாத்திரையே உயிருக்கு உலை. மருத்துவமனைக்குக் கிளம்பும்போது மிச்சத் தோல், கொட்டை, பொட்டலம் எது கிடைத்தாலும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக்குத் தின்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் கால்நடை மருந்தகத்துக்கு மாடும் ஆடும்தான் அதிகம் வரும். போன் செய்து டாக்டர் இருக்கிறாரா, பூனைக்குப் பார்ப்பாரா என்று கேட்டுக்கொண்டு கிளம்பினால் அலைச்சல் மிச்சமாகும்.