பதில்: 14 மாசப் பையன் ஹியரிங் எய்டைப் பிடுங்கிப் போடுறான்

தண்டையார்பேட்டை சகோதரிக்கு: பையன் ஹியரிங் எய்டைப் பிடுங்குறான், மெஷின் கத்துது, தினம் ரெண்டு மணி நேரம்தான் போடுறோம், பெரியவங்க காத்திருக்கச் சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க. பெரா டெஸ்ட்ல (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் பதில் தருதான்னு பார்க்கிற டெஸ்ட்) ரெண்டு காதும் பதில் தரலைன்னா, "மூணு வயசாகட்டும்"னு பெரியவங்க சொல்றதுக்காகக் காத்திருக்காதீங்க. ஒலி வராத மூளை சும்மா இருக்காது. கேட்கும் பகுதியைப் பார்வையும் தொடுதலும் மெல்லப் பிடிச்சுக்கும். சுமார் 3½ வயசுக்குள்ள ஒலி போய்ச் சேர்ந்தா அந்தப் பகுதி பெரும்பாலும் வழக்கம்போல வளரும். 7 வயசு தாண்டினா ரொம்பக் கஷ்டம்.

மெஷின் கீச்சுனு கத்துதுன்னீங்களே, பெரும்பாலும் அது பழுதில்லை. காது வளர்ந்து மோல்டு (காதுக்குள்ள பொருந்துற அச்சு) தளர்ந்திருக்கும், சத்தம் வெளியே கசியுது. இந்த வயசுல சில மாசத்துக்கு ஒருமுறை புது அளவு எடுக்கணும். தினம் ரெண்டு மணி நேரம் போதாது. முழிச்சிருக்கிற நேரமெல்லாம் காதுல இருக்கணும். நம்ம ஊர் புழுக்கத்துக்கு மோல்டுக்குப் போற குழாய்ல நீர்த்துளி நின்னு அடைக்கும், காலையில பாருங்க.

சைகையை நிறுத்தாதீங்க, அதுவும் மொழிதான். காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கிற கேட்கும் கருவி) முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல 6 வயசுக்குள்ள உண்டு, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இ.என்.டி.ல இந்த வாரமே கேளுங்க.