பெரிய டேங்க் போட்டால் காற்று கூடுமா? கம்ப்ரசர் கேள்வி பதில்

கேள்வி: சார், கார் பெயின்டிங் ஷெட் வைத்திருக்கிறேன். 2 ஹெச்பி, 100 லிட்டர் டேங்க். பானட் பாதி அடிக்கும்போதே காற்று இறங்கி பெயின்ட் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கிறது. 200 லிட்டர் டேங்க் மாற்றினால் சரியாகுமா?

பதில்: டேங்க் காற்றைச் சேர்த்து வைக்கும், அவ்வளவுதான். காற்று தருவது பம்ப். 2 ஹெச்பி பிஸ்டன் பம்ப் நிஜத்தில் கொடுப்பது 6, 7 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி), அதாவது நிமிஷத்துக்குச் சுமார் 180 லிட்டர். உங்கள் ஸ்ப்ரே கன் 10 சிஎஃப்எம் ரகம் என்றால் அது இழுப்பது 280. நிமிஷத்துக்கு 100 லிட்டர் துண்டு விழுகிறது. டேங்க் அழுத்தம் 8 பாரிலிருந்து 6-க்கு இறங்கும்வரை பிரஷர் சுவிட்ச் மோட்டாரை ஓடவிடாது, அந்த இரண்டு பார் காற்று முக்கால் நிமிஷத்தில் போய்விடும். அப்புறம் மோட்டார் ஓடினாலும் 6-லிருந்து 4 பாருக்கு இறங்க இரண்டே நிமிஷம்தான். 200 லிட்டர் டேங்க் இந்த நேரத்தை இரட்டிப்பாக்கும். பானட் ஒன்றை முடிக்க அது போதும், முழு வண்டி அடிப்பவர் என்றால் அந்தக் காசைப் பெரிய பம்பில் போடுங்கள். வாங்கும்போது டிஸ்பிளேஸ்மென்ட் எண்ணைக் காட்டுவார்கள். அது பிஸ்டன் இழுக்கும் காற்றின் கணக்கு, வெளியே வருவது அதைவிடக் குறைவு. எஃப்ஏடி, அதாவது நிஜமாக வெளியே வரும் காற்று, எவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் பிரஷர் சுவிட்சைத் திருகி 10 பாராக்கிவிடட்டுமா?

பதில்: டேங்கில் இருக்கும் பிளேட்டைப் படியுங்கள். அதில் போட்டிருக்கும் வேலை அழுத்தம்தான் எல்லை. சேஃப்டி வால்வ் அடிக்கடி ஊதுகிறதே என்று அதைக் கழற்றிவிட்டு போல்ட் போட்டு அடைத்த டேங்குகளைப் பார்த்திருக்கிறேன், அந்த ஷெட்டில் நின்று நான் டீகூடக் குடிக்கமாட்டேன்.

கேள்வி: அண்ணா, பஞ்சர் கடை. மோட்டார் நின்ற பிறகும் சுவிட்ச் பக்கம் புஸ்ஸென்று ஊதிக்கொண்டே இருக்கிறது.

பதில்: நின்றதும் ஒரு புஸ் வருவது நல்லது தம்பி, பம்ப் ஹெட்டுக்கும் டேங்குக்கும் நடுவே பைப்பில் இருக்கும் காற்றை அன்லோடர் என்ற சின்ன வால்வ் வெளியே விடுகிறது. நிற்காமல் வந்தால், டேங்க் காற்று திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வ் பிடிக்கவில்லை, டேங்க் காற்றே திரும்பி வருகிறது. டேங்கை முழுக்கக் காலி செய்துவிட்டு வால்வைக் கழற்றுங்கள், பெரும்பாலும் சீட்டில் கார்பன் படிந்திருக்கும், துடைத்தாலே சரியாகிவிடும். அந்த ஒரு புஸ்ஸும் வரவில்லை என்றால்தான் தலைவலி: மோட்டார் அடுத்த முறை அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப வேண்டும், சாயங்கால லோ வோல்டேஜில் உறுமிக்கொண்டே நின்று கடைசியில் கெபாசிட்டர் போகும்.

கேள்வி: டேங்க் அடியில் ஊசி முனை அளவு ஓட்டை. பக்கத்துக் கடைக்காரர் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்கிறார்.

பதில்: வைக்காதீர்கள். காற்றை அழுத்திக் குளிரவிட்டால் அதிலிருக்கும் ஈரம் தண்ணீராக அடியில் தேங்கும், தகட்டை உள்ளிருந்தே துரு தின்னும். ஓட்டை தெரிவது ஒரே இடத்தில்தான், ஆனால் சுற்றிலும் தகடு அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். 8 பாரில் உள்ளங்கை அகலத் தகட்டின் மேல் 600 கிலோவுக்கு மேல் அழுத்தம் இருக்கிறது. அந்த டேங்கை எடைக்குப் போட்டுவிடுங்கள். புது டேங்க் வந்ததும் தினமும் கடை அடைக்கும் முன் கொஞ்சம் காற்று இருக்கும்போதே டிரெயின் வால்வைத் திறந்து, செந்நிறத் தண்ணீர் நின்று வெறும் காற்று வரும்வரை விடுங்கள். சில வருஷங்களுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் செய்யுங்கள். தண்ணீர் நிரப்பி, வழக்கமாக வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றுவார்கள். தண்ணீர் சுருங்காது, அதனால் டேங்க் விரிசல் விட்டாலும் ஒழுகுமே தவிர வெடித்துச் சிதறாது. காற்றடித்து டெஸ்ட் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் பக்கத்தில் நிற்காதீர்கள்.

கேள்வி: பைக் என்ஜின் ஆயில் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். கம்ப்ரசர் ஆயில், பெரும்பாலும் 100 கிரேடு (ஆயிலின் கெட்டித்தன்மை எண்). பம்பில் ஆயில் அளவு பார்க்கும் கண்ணாடியில் ஆயில் பால் நிறமாகத் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, உடனே மாற்றுங்கள்.

கேள்வி: பழைய காஸ் சிலிண்டரும் ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரும் இருக்கின்றன. ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க நானே ஒன்று செய்துகொள்ளலாமா?

பதில்: சிலிண்டர் அழுத்தத்தைத் தாங்கும், பிரச்சினை அதில்லை. அடியில் டிரெயின் கிடையாது, அதை வைக்க வெல்டிங் போட்டால் உள்ளே மிச்சமிருக்கும் காஸ் பற்றிக்கொள்ளும். போதாததற்கு வீட்டுச் சிலிண்டர் ஆயில் கம்பெனியின் சொத்து. ஸ்கூட்டர் டயர் கேட்பது 30 பிஎஸ்ஐ சொச்சம். அதற்கு ஒரு கால் பம்ப் வாங்கிக்கொள்ளுங்கள்.