‘மா’ எல்லா மொழியிலும் ஒரே வேரா?

இல்லை. ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது.

தமிழிலேயே மா என்றால் மாமரம், மாவு (இலங்கையில் இன்றும் ‘கோதுமை மா’தான்), விலங்கு, குறிப்பாகக் குதிரை, கணக்கில் 1/20, நில அளவையில் ‘வேலி’ என்ற பழைய அளவின் இருபதில் ஒரு பங்கு. சீனத்தின் மாண்டரினிலோ தொனிதான் பொருளைத் தீர்மானிக்கும்: உயர்ந்த சமக் குரலில் தாய், ஏற்றினால் சணல், தாழ்த்தி எழுப்பினால் குதிரை, சட்டென இறக்கினால் திட்டுவது.

இரண்டு மொழியிலும் குதிரை! இங்கேதான் பலர் வழுக்குவார்கள். ஆய்வாளர்கள் மீட்டுருவாக்கிய பழஞ்சீன வடிவம் ‘ம்ர’ என்று தொடங்குகிறது. பழைய வடிவத்துக்குப் போனதும் ஒற்றுமை கலைந்துவிடுகிறது. இத்தாலியில் ‘மா’ என்றால் ‘ஆனால்’. அது லத்தீன் ‘மாகிஸ்’ (மேலும்) தேய்ந்தது. பிரெஞ்சில் ‘என்னுடைய’, லத்தீன் ‘மெயா’விலிருந்து வந்தது. ஜப்பானியத்தில் இடைவெளி.

உண்மையான உறவுக்கு ஓர் அழகான சான்று: ‘வேண்டாம்’ எனத் தடுக்கும் சமஸ்கிருத ‘மா’வும் கிரேக்க ‘மே’யும். சமஸ்கிருத ஆகாரத்துக்குக் கிரேக்க நெடில் ஏகாரம் நிற்பது மற்றச் சொற்களிலும் காணும் ஒழுங்கு.

தாயைக் குறிக்கும் ‘மா’ தனி வகை. உதடு மூடித் திறந்தாலே வரும் ஒலி என்பதால், குழந்தை வாயில் தொடர்பற்ற மொழிகளிலும் பிறந்துவிடுகிறது.