வெள்ளரிக்காய் ஏமாற்றியதா, ஃப்ரிட்ஜ் ஏமாற்றியதா?

கேள்வி: விவசாயிகளே நேரில் வந்து விற்கும் சந்தையில், சீசன் தொடங்கிய உற்சாகத்தில் மூன்று கிலோ வெள்ளரிக்காய் வாங்கினேன். நல்ல பெரிய காய்களாகப் பொறுக்கித்தான் எடுத்தேன். ஃப்ரிட்ஜில் வைத்த ஐந்தாம் நாளே பாதிக் காய் குழகுழத்துவிட்டது. மிச்சத்தில் இரண்டு கசந்தன. சாலட் செய்தால், பரிமாறுவதற்குள் தண்ணீரில் மிதக்கிறது. "இதற்குக் கடையில் வாங்கும் காயே தேவலை" என்கிறார் கணவர். பழைய காயை என் தலையில் கட்டிவிட்டார்களா? இதைப் பச்சையாகத் தின்பதைத் தவிர வேறு வழியே இல்லையா?

பதில்: கணவரிடம் இப்போதைக்கு எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். விற்றவர் மேல் எனக்குச் சந்தேகமும் இல்லை. காயைக் கெடுத்தது பெரும்பாலும் உங்கள் ஃப்ரிட்ஜ்தான்.

வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். அது வெயில் காலத்துக் கொடி. குளிர் அதற்கு ஆகாது. பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் வைத்தால் தோலில் சிறு குழிகள் விழும், சதை நீர் கோத்துக்கொள்ளும், பிறகு அழுகல். வீட்டு ஃப்ரிட்ஜ் நான்கு டிகிரி அளவில் ஓடுகிறது. கடைக் காய் சில சமயம் கூடுதல் நாள் தாங்குவதற்கு ஒரு காரணம், ஈரம் போகாமலிருக்க அதன் தோலில் பூசும் மெழுகு. தாங்குகிறது என்பதாலேயே அது புதிய காய் ஆகிவிடாது.

ஆகவே இரண்டு நாளில் தீர்ந்துவிடும் காய் என்றால், வெளியிலேயே வெயில் படாத குளிர்ந்த மூலையில் இருக்கட்டும். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால், கழுவாமல் துணியில் சுற்றி, ஃப்ரிட்ஜில் குளிர் குறைவாக இருக்கும் கதவுப் பக்கம் வைத்து, மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். வாழைப்பழம், தக்காளி, முலாம்பழத்தோடு சேர்த்து வைக்காதீர்கள். பழுக்கும்போது அவை விடும் எத்திலீன் வாயு வெள்ளரியைச் சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும்.

உங்கள் பக்கமும் ஒரு தவறு உண்டு. பெரிய காய்களாகப் பொறுக்கினேன் என்கிறீர்களே, அதுதான். வெள்ளரியில் பெரிது என்றால் முற்றல். காய்ப்பு உச்சத்தில் இருக்கும்போது தினமும், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டிய கொடி அது. ஒரு பறிப்பு தவறினாலே காய் ஊதிவிடும், விதை தடித்துவிடும். பிஞ்சாக, கைக்கு இறுக்கமாக, அளவுக்குக் கொஞ்சம் கனமாகத் தெரிகிற காயை எடுங்கள். இரண்டு முனைகளையும் விரலால் அழுத்திப் பாருங்கள். வதங்கல் முதலில் தெரிவது அங்கேதான். சுனை உள்ள ரகமாக இருந்து, அந்தச் சுனை இன்னும் உதிராமல் கையில் உறுத்தினால், அதிகம் கைபடாத புதுக்காய் என்று நம்பி வாங்கலாம். ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்தால் கவலை வேண்டாம், அது தரையில் படுத்திருந்த தடம். காய் முழுவதும் மஞ்சள் ஏறியிருந்தால்தான் விட்டுவிட வேண்டும். வளைந்த காயை யாரும் தொடுவதில்லை. மகரந்தம் சரியாகச் சேராததால் வரும் கோணல் அது, ருசியில் ஒரு குறையும் இல்லை. நான் அதைத்தான் தேடி எடுப்பேன். விற்பவரிடம் கேட்க ஒரே கேள்வி போதும்: எப்போது பறித்தீர்கள்? சந்தைக்குப் போவதன் லாபமே, அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் எதிரில் நிற்பதுதான்.

கசப்புக்கு வருகிறேன். அதற்குக் குக்கர்பிடாசின் என்று பெயர். தண்ணீர் பற்றாமலோ வெயில் தாங்காமலோ கொடி வாடினால் அது கூடும். பெரும்பாலும் காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டியும்தான் சேரும். காம்பு முனையில் ஓர் அங்குலம் வெட்டித் தள்ளி, மறுமுனையிலிருந்து காம்பை நோக்கித் தோல் சீவி, ஒரு துண்டு தின்று பாருங்கள். முனையை வெட்டித் தேய்த்து நுரை எடுக்கும் வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வேலை செய்வது தேய்ப்பல்ல, வெட்டு என்பதுதான் என் கட்சி. நாக்கு சுருங்கும் அளவுக்குக் கசந்தால் துப்பிவிட்டு, காயையும் எறிந்துவிடுங்கள். அது வயிற்றைக் கெடுக்கும். வேக வைத்தாலும் போகாது.

சாலட் மிதப்பதற்குக் காரணம் உப்பு. உப்பு பட்டவுடன் காய் தண்ணீர் விடும். அதைத் தட்டில் விடாமல் முன்கூட்டியே விடச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அரைக் கிலோ வில்லைகளுக்கு ஒரு டீஸ்பூன் உப்புப் பிசறி, வடிதட்டில் அரை மணி நேரம் வைத்து, துணியில் இறுக்கிப் பிழியுங்கள். துவண்டாலும் கடித்தால் நறுக்கென்று இருக்கும். தயிரோ எலுமிச்சையோ சேர்த்தாலும் நீர்த்துப் போகாது. மறுபடி உப்புப் போடும் முன் ருசி பாருங்கள்.

அடுப்பில் ஏற்றலாமா? தாராளமாக. முற்றிய காய்க்கு அதைவிட நல்ல கதி இல்லை. நீளவாக்கில் பிளந்து, ஸ்பூனால் விதையை வழித்தெடுத்து, விரல் பருமனில் நறுக்கி, மேலே சொன்னபடி உப்பிட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள். வாணலி நன்றாகக் காய்ந்த பிறகு எண்ணெயோ வெண்ணெயோ விட்டு, பூண்டும் மிளகும் சேர்த்து மூன்று நான்கு நிமிடம், அதிகத் தீயில். நெருக்கிப் போட்டால் வதங்காது, தன் தண்ணீரிலேயே வெந்து கூழாகும். ஓரம் லேசாகச் சிவந்ததும் இறக்கிவிடுங்கள்.

பிஞ்சு நிறையக் கிடைத்துவிட்டால் உப்பு நீரில் புளிக்க வைக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது கிராம் உப்பு. காய் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். பூ இருந்த முனையை மட்டும் மெல்லியதாகச் சீவிவிடுங்கள், காயை மெத்தென்று ஆக்கும் நொதிகள் அங்கே இருக்கின்றன. ஒரு வாரத்தில் இளம்புளிப்பு வந்துவிடும். முழுதாகப் புளிக்க மூன்று நான்கு வாரம் ஆகும். வழவழத்தாலோ துர்நாற்றம் அடித்தாலோ கொட்டிவிடுங்கள்.

அடுத்த முறை முக்கால் கிலோ போதும். தீர்ந்ததும் மறுபடி போங்கள். வதக்கியதை முதலில் கணவர் தட்டில், பெயர் சொல்லாமல் வையுங்கள். என்ன காய் என்று அவராகவே கேட்பார்.